கடைசி இரண்டு இலக்கம்

“நூறு எண்டால் எப்பிடிச் சாகிறது? நூறு எடுத்தவனுக்குப் பரிசெல்லோ குடுக்கிறது!”

“அது உங்கட ஸ்கூல்ல, திவா சேர். இங்க நூறு வந்தா மவுத்து.”

“அது நூறே இல்ல நுஸ்ஹா. ரெண்டு சைபர். சைபரவிடக் கொறஞ்ச நம்பர் ஏது? சேருக்குத்தான் வெற்றி.”

“நீ குறுக்கால வராத சுகி. போன மாசம் என்ட மந்திரிக்கு ரெண்டு சைபர் வந்த நேரம், நூறு நூறுன்டு மெத்தையில ஏறிக் குதிச்சது ஆரு?”

குதித்தது சுகிர்தாதான். அன்றைக்குக் கிழிந்த பொலித்தீன் உறை இன்னமும் அந்த மெத்தையின் ஓரத்தில் காற்றுக்குப் படபடத்துக்கொண்டிருந்தது.

பேராதனை வீதியில் ஹலீமின் மெத்தைக் கடை இருக்கிறது. விற்காத மெத்தைகளை மேல்மாடியில் அடுக்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அந்த மெத்தைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மூன்று பேர் எங்கும் இல்லாத ஒரு நகரத்துக்குள் போய்விடுவார்கள். பனி விலகாத மலைநகரம் அது. அதன் தெருக்களையும் மந்திரிகளையும் திருடர்களையும் உண்டாக்கியவள் ஹலீமின் மகள் நுஸ்ஹா. கதையை நடத்துகிறவள் என்பதால் மற்ற இருவரும் அவளைக் கொண்டக்டர் என்று கூப்பிட்டார்கள். கதை நகராமல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அவளும் பஸ்ஸில் ஆட்களை முன்னுக்குத் தள்ளுகிற மாதிரியே “இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட” என்று சிங்களத்தில் கத்துவாள்.

அந்த நகரத்தில் திவாகரனுக்குப் பெயர் மாசிலாமணி. மணிக்கூண்டில் ஏறிக் கடிகாரத்துக்கு எண்ணெய் போடுவது அவன் வேலை. சுகிர்தாவின் பெயர் பவளம். மணிக்கூண்டுக்குக் கீழே சோற்றுக்கடை வைத்திருக்கிறாள். ஆளுக்கொரு தாள். அதில் அவரவருக்கு எது எவ்வளவு வரும் என்று நூற்றுக்குக் கணக்குப் போட்டு எழுதியிருக்கும். மாசிலாமணிக்கு ஏறுதல் எழுபது, பார்வை முப்பது. பார்வைக்கு முப்பது போட்டவள் சுகிர்தா. அவள் கண்டியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். திவாகரனுடைய கண்ணாடியின் பவர் அவளுக்கு மனப்பாடம். ஏதாவது செய்யத் துணிந்தால் ஓர் எண் கேட்க வேண்டும். தாளில் உள்ளதற்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால் நடக்கும், கூடினால் நடக்காது. இரண்டு சைபர் வந்தால் அது நூறு. அதனால்தான் இந்த விளையாட்டில் நூறைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். கணித வாத்தியாரான திவாகரனுக்கு மட்டும் எத்தனை மாதம் ஆகியும் அது மனதில் ஒட்டவில்லை.

எண்ணைக் கேட்பது வீதியிடம்.

முதலில் அப்படி இல்லை. டோஹாவில் இருக்கும் நுஸ்ஹாவின் மச்சான் இந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தோடு பத்து முகமுள்ள இரண்டு காய்களையும் அனுப்பியிருந்தார். ஒன்று பத்துகளுக்கு, மற்றது ஒன்றுகளுக்கு. முதல் நாளே ஹலீம் மேலே வந்துவிட்டார்.

“இது என்ன மகள், தாயமா?”

“இல்ல வாப்பா, கதை.”

“கதைக்கி என்னத்துக்குக் காய்? கதைய செல்லுங்க, ராவைக்கும் செல்லுங்க. சூது மாதிரி உருட்டுற சாமான் மட்டும் இந்தக் கூரைக்குக் கீழ வேணாம்.”

அவர் ஏசவில்லை, வரும்போது கொண்டுவந்த வட்டிலப்பத் தட்டை வைத்துவிட்டுத்தான் சொன்னார். அதனால் அதை மீற ஒருவருக்கும் மனம் வரவில்லை. காய்கள் அலுமாரிக்குள் போயின. அடுத்த கிழமை சுகிர்தா ஒரு மொழிபெயர்ப்பு நாவலைக் கொண்டுவந்தாள். கண்ணை மூடித் திறந்து, வருகிற பக்கத்தின் கடைசி இரண்டு இலக்கத்தை எடுக்கலாம் என்றாள். அது சரிவரவில்லை. எத்தனை தரம் திறந்தாலும் அவள் திரும்பத் திரும்பப் படித்து முதுகு வெடித்திருந்த அதே பக்கம்தான் விரிந்தது. பனியில் ஒருவன் ரயிலுக்காகக் காத்திருக்கும் இடம் அது. அன்று எல்லோரும் நாற்பத்தொன்றோடு வீட்டுக்குப் போனார்கள்.

யன்னலைக் கண்டுபிடித்ததும் சுகிர்தாதான். “கேட்டேன்” என்று சொன்ன பிறகு கண்டிப் பக்கமிருந்து வருகிற முதல் பஸ் அல்லது லொறி. அதன் இலக்கத் தகட்டில் கடைசி இரண்டு இலக்கம். த்ரீவீல் கணக்கில்லை, அவை வந்துகொண்டே இருக்கும். பிரேதம் கொண்டுபோகும் மையத்து வண்டி போனால் அது போய் மறையும்வரை கதையை நிறுத்த வேண்டும். இதற்கு ஹலீமும் ஒத்துக்கொண்டார். “வீதியில போறதப் பாக்கிறதுல என்ன ஈக்குது” என்றார். இரண்டாவது மாதம் பார்த்தால், கடை வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, நுஸ்ஹா வாசிக்க முன்னமே கீழிருந்து எண்ணைக் கூவ ஆரம்பித்திருந்தார்.

வீதிக்கு ஏற்றபடி விதிகளும் மாறிக்கொண்டே வந்தன. சுகிர்தாவின் கண்ணுக்கு, கொஞ்சம் தள்ளியிருக்கும் பஸ் ஹோல்டில் நிற்கும் வண்டியின் தகடே தெரிந்தது; நல்ல எண்ணாகப் பார்த்து அவள் கேட்பது பிடிபட்டதும், கேட்கிறவர் யன்னலுக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும் என்று நுஸ்ஹா விதி போட்டாள். கேட்காமல் இழுத்தடிக்கவும் கூடாது. கையில் இருக்கும் தேத்தண்ணி முடிவதற்குள் “கேட்டேன்” என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நினைத்தது நடக்காது. பிறகு ஒருநாள் சுகிர்தா பவளத்தின் பலத்தைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கினாள். அதற்காகத் தன் ஓட்டத்தில் பத்துப் புள்ளியைக் குறைத்துக்கொண்டாள்.

“சோத்துக்கடைக்காரிக்கு ரெண்டு புள்ளி பலம் கூடி என்னத்தக் கிழிக்கப் போறா?” என்று நுஸ்ஹா யோசித்துப் பார்த்தாள். மூன்றாம் ஞாயிறுதான் விளங்கியது. சுகிர்தா வீட்டுக்குப் போகிற கலஹா பஸ்ஸின் கடைசி இரண்டு இலக்கம் பதினொன்று.

அன்றைக்கு எழுதிய விதிதான் கடைசி விதி. தெரிந்த வண்டியைக் கேட்கக் கூடாது. கேட்டால், கேட்காததற்குச் சமம்.

“தெரியுமா தெரியாதான்னு நீ எப்படிடி கண்டுபிடிப்ப?” என்று சுகிர்தா கேட்டாள்.

“நான் கேப்பேன். நீ உண்மைய செல்லுவ. அவ்வளவுதான்.”

இப்போது, பெயின்ட் உதிர்ந்த ஒரு சீமெந்து லொறி இரண்டு சைபரைச் சுமந்துகொண்டு போய் மறைந்திருந்தது. மணிக்கூண்டின் நிமிட முள்ளில் நின்ற மாசிலாமணியின் கால் சறுக்கிவிட்டது. சற்று முன்னர் கூண்டுக்குள் ஏறி வந்த பவளம் அதன் யன்னல் வழியாக வீசிய கயிற்றின் நுனி மட்டும் அவன் கையில். கீழே பனி. பனிக்குக் கீழே கல் பதித்த முற்றம்.

“சரி, ஆள் செத்தான் எண்டே வையுங்கோ,” என்றான் திவாகரன். கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைத்தான். “ஒரு வகையில நல்லதுதான். நானும் சொல்லவேணும் எண்டு இருந்தனான். இடமாற்றம் கிடைச்சிட்டுது. கிளிநொச்சிக்கு. வாற சனி போறன்.”

நுஸ்ஹா பென்சிலைக் கீழே வைத்தாள்.

“கேட்டு ரெண்டு வருசம். அம்மா தனிய இருக்கிறா,” என்றான் அவன், யாரோ குற்றம் சொன்னதுபோல. “மாசிலாமணி தப்பினால் லீவுக்கு லீவு வந்து கதையைத் தொடரலாம் எண்டு யோசிச்சன். செத்திட்டான் எண்டால் பிறகு என்ன? புதுசா ஒருத்தனை உண்டாக்கிப் பாதியில விட்டிட்டுப் போறது உங்களுக்கும் கரைச்சல்.”

சுகிர்தா தன் தாளைப் பார்த்தபடி இருந்தாள். எழுத்துகள் தெரிந்தன, வாசிக்க முடியவில்லை.

அவள் திவாகரனை முதன்முதலில் கண்டது கண்ணாடிக் கடையில். அவனுடைய கண்ணாடி மிகவும் பழசு, வேறு லென்ஸ் போட வேண்டும் என்பதை விளக்குவதற்காக, “சேர், ஒங்க கூடக் கொஞ்சம் பேசணும்” என்றாள். அவன் முகம் சுருங்கிப் போய்விட்டது. “ஏன், நான் என்ன பிழை செய்தனான்?” என்றான். அவனுடைய ஊரில் பேசுவதென்றால் திட்டுவது என்று அவளுக்குத் தெரியாது. கலஹாவில் பேசுவதென்றால் பேசுவதுதான் என்று அவனுக்கும் தெரியாது. இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான், மேசையில் கிடந்த பவளத்தின் தாளை அவன் கண்டு இது என்ன என்று கேட்டான். இந்தக் கதையைக் கேள்விப்பட்ட நுஸ்ஹா, தாளில் ‘தமிழ் 90’ என்று ஒரே வரியாக இருந்ததை வெட்டி, ஆளுக்கொரு ஊர்த் தமிழாக மூன்றாக்கினாள். பிழையாக விளங்கிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒன்று கூடும் என்று விதியும் வைத்தாள். நாற்பதில் தொடங்கிய திவாகரனின் கலஹாத் தமிழ் இப்போது அறுபத்தைந்தில் நின்றது.

விளையாட்டுக்கு வெளியே சுகிர்தா அவனைச் சேர் என்றுதான் கூப்பிடுவாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பவளத்துக்கு அந்தக் கரைச்சல் இல்லை. “டேய் மாசி, எண்ணெக் கையோட சோத்துல கைய வைக்காத” என்பாள். “மூணு நாள் கணக்குப் பாக்கி இருக்கட்டும், மொதல்ல தின்னுடா” என்பாள். கிழமைக்கு ஒருநாள், மெத்தையின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம், அவள் அவனை டேய் என்று கூப்பிடலாம். மாசிலாமணி மட்டும் கதைக்குள்ளும் “ஓம் பவளம், சொல்லுங்கோ” என்றே மரியாதையாகப் பதில் சொல்லுவான். சோற்றுக்கடைக்காரியை நீங்கள் என்று கூப்பிடுகிற எண்ணெய்க்காரனை எங்கேயாவது கண்டிருக்கிறோமா என்று நுஸ்ஹா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

“செத்தான்னு யார் சொன்னது?” என்றாள் சுகிர்தா. “கயிறு என் கையில இருக்குல்ல. பக்கத்துல ஆள் இருந்தா ஒரு தடவ கேக்கலாம்னு விதி இருக்கு. நான் இழுக்கிறேன்.”

“எதால இழுக்க? பலம் பன்னிரண்டு,” என்றாள் நுஸ்ஹா.

“வாய் தொண்ணூறு இருக்கு. அதப் போட்டுக்க.”

“வாயால கயிறு இழுக்க ஏலா.”

“திட்டித் திட்டியே மேல ஏத்திடுவேன்!”

“எனக்குத் தெரிஞ்சு அது நடக்கக்கூடியதுதான்,” என்றான் திவாகரன். “கொண்டக்டர், யோசிச்சுப் பாருங்கோவன்.”

“ஏலா! பலம்தான். பன்னிரண்டு. திரும்பி இரு.”

சுகிர்தா யன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஹலீம் கீழிருந்து அனுப்பிய பிளேன்டீயை நுஸ்ஹா அவள் கையில் வைத்தாள். திவாகரன் அவளைப் பார்த்துச் சிரித்தான். “எட்டுத் தரம் இழுத்தால் ஒருக்கா வரும். கவலைப்படாதேங்கோ. விழுந்தாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

அவள் நாக்கு நனைகிற அளவுக்கு ஒரு மிடறு குடித்தாள். முதுகுக்குப் பின்னால் வீதி ஓடியது. கனத்த லொறி ஒன்று இறக்கத்தில் பிரேக் பிடித்துச் சீறியது. போகட்டும். கம்பளை பஸ் ஒன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. அது அவளுடைய கலஹா பஸ், இன்ஜின் சத்தத்திலேயே தெரியும். போகட்டும். அடுத்த மிடறு.

“பறவ மாதிரிக் குடிக்கிறாய்,” என்றாள் நுஸ்ஹா.

“சூடா இருக்குடி.”

“என்ட தேத்தண்ணி ஆறி ஐஸா ஈக்குது.”

கோப்பையில் அடிச்சாயம் மட்டும் மிச்சமிருந்தபோது, வளைவுக்கு அப்பாலிருந்து அந்த ஹோர்ன் கேட்டது. ஒரு பழைய பைலாப் பாட்டின் மெட்டு. நன்றாகத் துள்ளிக்கொண்டு தொடங்கி, பாதியில் தொண்டை அடைத்து நின்றுவிடும். அறையில் இருந்த மூன்று பேரின் காதிலும் அது விழுந்தது. மற்ற இருவருக்கும் அது வழக்கமாகக் கேட்கிற ஒரு ஹோர்ன், அவ்வளவுதான். பஸ் ஹோல்டில் வந்து நிற்பது, யாரோ இறங்குவது, “ஹரி, யமு!” என்று பஸ் கொண்டக்டர் போகச் சொல்லிப் பக்கவாட்டில் தட்டுவது வரை சுகிர்தா காத்திருந்தாள். கடைசிச் சொட்டை விழுங்கினாள்.

“கேட்டேன்.”

நுஸ்ஹா யன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்க முன்னம் கீழிருந்து ஹலீமின் குரல் வந்தது. “சைபர் மூணு! மகள், சைபர் மூணு! ஆள் தப்பிட்டான்!”

திவாகரன் எழும்பி நின்றுவிட்டான். மெத்தை அவனைத் தள்ளாட வைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, “மூண்டு! பன்னிரண்டுக்கு மூண்டு!” என்று சின்னப் பிள்ளைபோல் சிரித்தான். “பவளம், நீங்கள் சோறு விக்கிறனியளோ, மல்யுத்தம் படிப்பிக்கிறனியளோ?”

நுஸ்ஹா சிரிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே, தூரத்தில் சிறுத்துக்கொண்டு போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சுகி, அது பிலிமத்தலாவை பஸ்.”

“ம்.”

“நீ அந்த பஸ் வரும்வரைக்கும் தேத்தண்ணிய வெச்சிட்டு இருந்த.”

“என்ன கதைக்கிறீங்கள் கொண்டக்டர்?” என்றான் திவாகரன். “அவ கலஹாப் பக்கம் போறவ. பிலிமத்தலாவையில இருக்கிறது நான். எனக்கே அந்தப் பஸ்ஸின்ர நம்பர் தெரியாது.”

“உங்களுக்கு பஸ்ஸே தெரியாது, ஹோர்ன் சத்தத்துக்கு ஏறுறீங்க,” என்றாள் நுஸ்ஹா. பிறகு சுகிர்தாவின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக் கேட்டாள். “நான் கேக்கணும்ல. விதி. அந்த பஸ் ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது என்று ஒரு சொல் போதும். மாசிலாமணி கூண்டுக்குள் ஏறிவிடுவான். சித்திரை லீவுக்கு, ஆவணி லீவுக்கு, மார்கழி லீவுக்கு அவன் வருவான். நுஸ்ஹா நம்புவாள். அவள் நம்புவாள் என்பதுதான் கஷ்டமாக இருந்தது. உருட்டுவதற்குக் காய் இல்லாத இந்த விளையாட்டை இத்தனை மாதமாக நிற்க வைத்திருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான். தெரியும் என்று சொன்னால் மாசிலாமணி விழுந்துவிடுவான். அதோடு முடியாது, எப்படித் தெரியும் என்றும் கேட்பார்கள்.

கோப்பையின் அடியில் ஒட்டியிருந்த தேயிலைத் தூளை அவள் விரலால் தொட்டாள்.

“தெரியும்,” என்றாள்.

“எப்பிடி?”

“ஹோல்ட்ல நிக்கிறப்போ பாப்பேன்ல. சேர் ஏறிப் போனதுக்கப்புறம். பின்னாடியும் நம்பர் இருக்கே.”

“ஒவ்வொரு ஞாயிறுமா?”

“பஸ் போனா கண்ணு பாக்குது. நான் என்னா செய்ய?”

“ஹோல்டுக்குப் போனா மொதல்ல வாறது கலஹா பஸ்தானே,” என்றாள் நுஸ்ஹா. “கால் மணிக்கு ஒன்டு ஈக்குது. நீ அதுல ஏறிப் போயிருக்கணுமே.”

திவாகரன் மெதுவாக மெத்தையில் உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றினான், துடைக்காமலே திரும்பப் போட்டான்.

“சனமாக் கிடக்குது, அடுத்ததில போறன் எண்டு சொல்லுவீங்கள்,” என்றான். “ஒவ்வொரு கிழமையும் ரெண்டு மூண்டு பஸ்ஸை விடுவீங்கள். நானும் பாவம் எண்டு நினைச்சு நிண்டனான். அப்ப அந்தக் கலஹா பஸ்ஸுகளில சனம் இல்லையோ?”

“ஞாயித்துக்கெழம பின்னேரம் கலஹாவுக்கு யாரு சேர் போறா,” என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. “காலியாத்தான் போகும். ஒங்களுக்குத்தான் தூரத்துல இருக்கிறது தெரியாதே. அந்த லென்ஸ மாத்துங்கன்னு எத்தன தடவ சொன்னேன்.”

கிழிந்த பொலித்தீன் காற்றுக்குச் சத்தம் போட்டது. நுஸ்ஹா திவாகரனின் தாளைத் தன் பக்கம் இழுத்து, கலஹாத் தமிழ் என்ற இடத்தில் அறுபத்தைந்தை அழித்தாள். “பிழையா விளங்கினதுக்கு ஒன்டு,” என்று முணுமுணுத்தபடி அறுபத்தாறு என்று எழுதினாள். பிறகு பென்சிலைத் திருப்பி அழிறப்பரை மாசிலாமணி என்ற பெயரின் மேல் கொண்டுபோனாள். அது பெயரில் படாமல் அந்தரத்தில் நின்றது.

“விதி என்டா விதி, சுகி,” என்றாள். “கேக்காததுக்குச் சமம். தேத்தண்ணியும் முடிஞ்சிட்டுது.”

“தெரியும்டி. அழி.”

“மகள்!” கீழிருந்து ஹலீம் கூப்பிட்டார். “என்ன சத்தத்தக் காணல்ல? ஆள் தப்பினானா இல்லையா?”

திவாகரன் கையை நீட்டித் தன் தாளின் மேல் வைத்தான். அழிறப்பருக்கும் பெயருக்கும் நடுவில் அவனுடைய விரல்கள் இருந்தன. ஆனால் அவன் நுஸ்ஹாவைப் பார்க்கவில்லை. சுகிர்தா இன்னும் யன்னலுக்கு முதுகைக் காட்டியபடிதான் இருந்தாள். பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் அவளுடைய முகம் அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. அவன் முன்னுக்குக் குனிந்து கண்களைச் சுருக்கிப் பார்த்தான்.

“பவளம்,” என்றான். “நான் திரும்பி வருமட்டும் அந்தக் கயித்தை நீ விடாமல் பிடிச்சுக்கொண்டிருப்பியோ?”